அணங்கும் கள்வரும் இறையும்: ஸ்கூபி-டூ தொடரின் கதைமாந்தரும் தீயோரும்

அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறத்தற்குரிய நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வரையறுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. அணங்கு என்றதனுள் பேயும் பூதமும் அடங்கும். இறை என்றது அரசனை மட்டும் சுட்டி அமையாது. தந்தை, ஆசான் போல நமக்கு மேலாக நின்று நம்மைக் காக்கவும் ஒறுக்கவும் உரிமையுடையாரையும் தழுவி நிற்கும். இந்நான்கும் தம்முள் வேறானவை என்று கொண்டே நாம் மெய்ப்பாட்டியலைப் பயின்றும் பயிற்றியும் வருகின்றோம்.

ஆயின் ஒன்று மற்றொன்றன் உருவை மேற்கொண்டு வருமாயின் அச்சத்தின் களன் யாது? சில ஆண்டுகளுக்கு முன், முதுகலை வகுப்பில் யாம் இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது மாணாக்கர் ஒருவர் இவ்வினாவை எழுப்பினார். கள்வன் பேய்வேடம் பூண்டு வந்தால் அவ்வச்சத்தை எதனுள் அடக்குவது என்பது அவர் கேட்டது. எடுத்துக்காட்டாக அவர் கூறியது சங்கச் செய்யுளும் அன்று, காப்பியமும் அன்று. சிறுவயதில் தொலைக்காட்சியில் தாம் கண்டு மகிழ்ந்த ஸ்கூபி-டூ என்னும் அமெரிக்கக் கார்ட்டூன் தொடரையே அவர் சுட்டினார். வகுப்பு சிரித்தது, யாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் வினா மட்டும் எம்மை விட்டு நீங்கவில்லை. அத்தொடரை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினோம். அதன் பயனே இக்கட்டுரை.

சிறுவர் பார்க்கும் கார்ட்டூன் ஆராய்ச்சி இதழுக்கு உரிய பொருளாகுமோ என்று ஐயுறுவார் உளர். 1969இல் தோன்றி, அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புதிய தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் மீண்டும் மீண்டும் ஆக்கப்பெற்று வரும் ஒரு கதை, தன்னுள் ஏதேனும் உரன் இன்றி நிலைத்திருத்தல் அரிது. அவ்வுரன் யாது என்று காண்பது திறனாய்வாளர் கடனே ஆகும். ஒப்பிலக்கியம் பயில்வார்க்கு இவ்விடையே போதும்.

தொடரின் தோற்றத்தை முதற்கண் நோக்குவோம். ஏனெனில் அச்சத்தைப் பற்றிய வழக்கொன்றில்தான் அது பிறந்தது. 1968ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொலையுண்டனர். சனிக்கிழமைக் காலைகளில் சிறுவர்க்கெனத் தொலைக்காட்சியில் வந்த கார்ட்டூன்களில் அடிதடி மிகுந்திருக்கிறது என்னும் கண்டனமும் அக்காலத்தில் வலுத்தது. அவ்வாண்டிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெற்றோர் சிலர் கூடிச் சிறுவர் தொலைக்காட்சியைத் திருத்துதற்கென ஓர் இயக்கம் கண்டனர். சி.பி.எஸ். நிறுவனத்தில் பகல்நேர நிகழ்ச்சிகளின் பொறுப்பிலிருந்த ஃபிரெட் சில்வர்மன், அடிதடி இல்லாத, ஆனால் விறுவிறுப்புக் குன்றாத துப்பறியும் தொடர் ஒன்றை ஹன்னா-பார்பெரா படநிறுவனத்தாரிடம் வேண்டினார். ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் என்னும் எழுத்தாளர் இருவர் கதையை அமைத்தனர். இவோ தகமோட்டோ உருவங்களை வரைந்தார்.

இளைஞர் நால்வரை அவர்கள் படைத்தற்கு, 1959 முதல் 1963 வரை ஒளிபரப்பான டோபி கில்லிஸ் என்னும் நகைச்சுவைத் தொடரின் மாந்தர் முன்மாதிரியாயினர். நாய் அப்போது துணைப்பாத்திரமே. இவ்வாறு அமைந்த கதைக்கு வரைந்த ஓவியங்களைச் சி.பி.எஸ். தலைவர் ஃபிராங்க் ஸ்டேன்டன் பார்த்து, இவை சிறுவரை மிகவும் அச்சுறுத்தும் என்று தள்ளிவிட்டார். பின்னரே நாய் முன்னுக்கு வந்தது. ஃபிராங்க் சினாட்ரா பாடிய பாடல் ஒன்றன் இறுதியில் வரும் பொருளற்ற ஒலிகளைக் கேட்டுச் சில்வர்மன் அதற்கு ஸ்கூபி-டூ எனப் பெயரிட்டார் என்பது அவரே கூறிய செய்தி. 1969 செப்டம்பர் 13 அன்று முதற்கதை ஒளிபரப்பாயிற்று. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக 25 கதைகள் வந்தன. இவற்றையே யாம் ஈண்டு மூலநூலாகக் கொள்கின்றோம்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. அச்சம் மிகுந்தது என்னும் குற்றச்சாட்டிற்கு அவர்கள் கண்ட தீர்வு அச்சத்தைக் குறைப்பது அன்று. அதனருகே நகையை நிறுத்துவது. பேய் பேயாகவே இருந்தது. அதனைக் கண்டு நம்மினும் மிகுதியாக நடுங்கும் நாயொன்று வந்து சேர்ந்தது. அச்சத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாக எண்ணப்பட்ட விலங்கு, இங்கே அச்சத்திற்கு உரியதாகாமல் அஞ்சுவதாக மாறிற்று. தகமோட்டோ தம்முடன் பணிபுரிந்த, கிரேட் டேன் இன நாய்களை வளர்த்தறிந்த ஒருவரிடம் அவ்வினத்தின் உயர்ந்த இலக்கணங்களைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் மாறுபடுத்தி வரைந்தாராம். நிமிர்ந்த முதுகு கூனலாயிற்று. நேரிய கால்கள் வளைந்தன. உறுதியான முகவாய் சிறுத்தது. வீரத்திற்குரிய உடலிலிருந்து வீரத்தின் குறிகளை ஒவ்வொன்றாகக் களைந்து கண்ட உருவம் அது.

கதையின் போக்கு எல்லாரும் அறிந்ததே. ஃபிரெட், டாஃப்னி, வெல்மா, ஷேகி என்னும் நால்வரும் ஸ்கூபியும் தம் வண்டியில் ஓரிடத்திற்கு வருகின்றனர். அங்கே ஓர் அணங்கு உலவுகின்றது. தடயங்கள் கிடைக்கின்றன, துரத்தல் நிகழ்கின்றது, பொறி வைக்கப்படுகின்றது, பிடிபட்ட உருவத்தின் முகமூடி கழற்றப்படுகின்றது. உள்ளே இருப்பவன் மனிதன். இச்சிறுவர் தலையிடாதிருந்தால் தன் எண்ணம் முற்றியிருக்கும் என்று அவன் நொந்துகொள்வது பிற்காலத்தில் இத்தொடரின் முத்திரையாகவே நிலைத்துவிட்டது.

மாந்தருள் ஃபிரெட், டாஃப்னி இருவரையும் பற்றி மூலக்கதைகளில் விரித்துரைக்க அதிகம் இல்லை. ஃபிரெட் கட்டளையிடுவான். டாஃப்னி இடருள் விழுவாள். அவளை இவ்வளவு வறிதாகப் படைத்தது குறையே. பின்வந்தோர் அக்குறையை உணர்ந்து திருத்தினர். வெல்மாவே ஆராயும் அறிவின் வடிவம். அவள் மூக்குக் கண்ணாடி நழுவிக் கீழே விழுவதும், கண் தெரியாமல் தடவித் தேடுவதும் வெறும் வேடிக்கையாகத் தோன்றும். அறிவு தன் கருவியை இழந்த நொடியில் எவ்வளவு எளியது என்பதனையும் அது காட்டுகின்றது.

ஷேகியும் ஸ்கூபியுமே நம் ஆராய்ச்சிக்கு வளம் தருவோர். நகையின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு கூறினார். இவ்விருவரும் நகை விளைப்பது பேதைமையாலா, மடனாலா? பேதைமை எனின் அறிவின்மை. மடன் எனின் கொண்டது விடாமை என்பது உரைவழக்கு. முதல் நோக்கில் இவர்கள் பேதையராகவே படுவர். ஊன்றி நோக்கின் அவ்வாறன்று. ஏதோ தீங்கு பதுங்கியிருக்கிறது, இவ்விடத்தை விட்டு அகலவேண்டும் என்று அவர்கள் உணர்வது ஒவ்வொரு கதையிலும் உண்மையாகவே முடிகின்றது. அவர்கள் அஞ்சியது பிழையன்று. எதற்கு அஞ்சினர் என்பதில்தான் பிழை. பத்து முகமூடிகள் கழன்ற பின்னும், பதினோராவது உருவைப் பேய் என்றே அவர்கள் கொள்கின்றனர். இது மடன். ஸ்கூபி ஸ்நாக்ஸ் என்னும் தின்பண்டத்தைக் காட்டி அவர்களை இடருக்குள் அனுப்பும் ஏனை மூவரின் செயலில் எள்ளலும் கலந்துள்ளது. அதனைக் காணுந்தோறும் எமக்குச் சிறிது மனவருத்தம் தோன்றுவதுண்டு.

இனித் தீயோரிடம் வருவோம். கார்ல் சாகன் என்னும் வானியல் அறிஞர் 1995இல் வெளியிட்ட தம் நூலில் இத்தொடரைப் பாராட்டினார். இயற்கைக்கு மாறான நிகழ்ச்சி என்று சொல்லப்படுவது ஒவ்வொன்றும் முறையாக ஆராயப்பட்டு, எளிய காரணத்தால் விளக்கப்படுகின்றது என்பது அவர் கண்ட சிறப்பு. பெரியவர்க்கும் இத்தகையதொரு நிகழ்ச்சி வேண்டும் என்பது அவர் விருப்பம். இத்தொடர் பகுத்தறிவுப் பாடம் என்னும் இக்கொள்கையே இன்று பெருவழக்காக உள்ளது. அறிஞர் கூற்றை மறுத்துரைக்க எமக்குத் தயக்கம் உண்டு. எனினும் கதைகள் வேறு கூறுகின்றன.

முதலாவது, கள்வன் பிடிபடும் முறை. ஃபிரெட் திட்டமிட்டு அமைக்கும் பொறி பெரும்பாலும் திட்டமிட்டவாறு இயங்குவதில்லை. அஞ்சி ஓடும் ஸ்கூபியோ ஷேகியோ எதிலோ மோத, ஏதோ உருள, கள்வன் சிக்குகின்றான். தடயங்களைக் கோத்து விளக்குவது வெல்மாவின் அறிவு. ஆனால் பிடித்துத் தருவது அச்சம். அச்சத்தை ஒழித்தலே இக்கதையின் நோக்கமாயின், வெற்றியை அச்சத்தின் கையில் ஆசிரியர் தந்திருப்பரோ? இரண்டாவது, முன்னரே சுட்டியவாறு, பேயில்லை என்னும் பாடத்தை மாந்தர் எவரும் அடுத்த கதைக்கு எடுத்துச் செல்வதில்லை. ஆகவே பேய் உண்டா இல்லையா என்பது இக்கதைகளின் உயிரான வினா அன்று. முகமூடிக்குள் இருப்பவன் யார் என்பதே உயிரான வினா.

யார் அவன்? முதற்கதையில் அருங்காட்சியகத்தில் கருநிறக் கவசவீரன் ஒருவன் இரவில் உலவுகின்றான். முகமூடி கழன்றபின் காண்பது அருங்காட்சியகப் பொறுப்பாளர் விக்கிள்ஸ். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓவியங்களுக்குப் பதிலாகப் போலிகளை மாட்டி மூலங்களை விற்றவர் அவர். போலியைக் கண்டறியவல்ல பேராசிரியரைக் கடத்தியவரும் அவரே. அடுத்து, பழைய சுரங்கமொன்றில் அந்நாளைய பொன்தேடியின் ஆவி விருந்தினரை விரட்டுகின்றது. உள்ளே இருப்பவன் அவ்விடுதியில் ஊழியம் செய்யும் ஹேங்க். சுரங்கத்தில் எண்ணெய் இருப்பதை அறிந்து, உரிமையாளர் மனம் வெறுத்துப் போகவேண்டும் என்று காத்திருந்தவன். கிங்ஸ்டன் மாளிகையில் குடும்பச் சொத்தைக் கேட்டு முன்னோன் ஆவி தோன்றுகின்றது. அதன் உள்ளே இருந்தவர் அக்குடும்பத்துப் பெரியவரே. அவ்வாவியால் முதுமையுற்றேன் என்று தம் முகத்தையே வேடமாக்கி உறவினரை ஏமாற்றியவர் அவர். செந்தாடிக் கடற்கொள்ளைக்காரனின் ஆவி கப்பல்களைச் சூறையாடுகின்றது. அவன் வேறு யாரும் அல்லன், அக்கப்பல்களுக்கு உரிமையாளனாகிய மேக்னஸ்.

இவ்வரிசையில் எமக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது பியோர்கார்ட் சாண்டர்ஸ் என்னும் கர்னலின் உயில் பற்றிய கதை. ஒரு முறை தம் உயிரைக் காத்த ஸ்கூபியையும் அவர் தம் வாரிசுகளுள் ஒருவனாக எழுதியிருந்தார். தீவிலுள்ள மாளிகையில் ஓரிரவு தங்குவோர்க்கே சொத்து என்பது உயில். இரவில் வாரிசுகள் ஒவ்வொருவராக மறைகின்றனர். பச்சைநிற ஆவி உருக்கள் உலவுகின்றன. முடிவில் அவை உயிலைப் படித்துக் காட்டிய வழக்கறிஞரும் அவர்தம் கூட்டாளியும் என்று தெரிகின்றது. உயிலை நிறைவேற்றும் கடமையுடையாரே உயிலைக் கொள்ளையிட முயன்றனர். இவ்வளவில் கதை முடிந்திருந்தாலும் நன்றே. ஆயின் பெட்டி திறக்கப்பட்டபோது உள்ளே இருந்த பெரும்பணம், உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் செல்லாத நோட்டுகள். அழிந்துபோன ஓர் அரசின் தாளுக்காக இவ்வளவும் நடந்தது. பேய் என்பது இறந்தும் ஒழியாதது என்றால், அந்த வீட்டில் இருந்த உண்மையான பேய் அப்பணமே என்று சொல்லத் தோன்றுகிறது.

இத்தீயோர் எவரும் வேலி தாண்டி வந்த புறத்துக் கள்வர் அல்லர். பொறுப்பாளர், ஊழியர், குடும்பத்துப் பெரியவர், உரிமையாளர், வழக்கறிஞர் ஆகிய இவர்கள், ஒன்றைக் காத்தற்கென அமர்த்தப்பட்டவர் அல்லது காப்பர் என்று நம்பப்பட்டவர். தொல்காப்பியர் மொழியிற் கூறின், அணங்கின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே கள்வன். கள்வனை உற்று நோக்கினால் அவன் இறை. மாணாக்கர் கேட்ட வினாவுக்கு எம் விடை இதுவே. அச்சத்தின் களன்கள் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன; அடியில் கிடப்பது இறைவழி வரும் அச்சம். பெரியோரை முழுதும் நம்பற்க என்பதனைச் சிறுவரிடம் நேரே கூறுதல் எளிதன்று. பேயை முன்னிறுத்திக் கூறினால் பெற்றோரும் அருகிருந்து சிரிப்பர்.

இவ்வமைப்பு முழுதும் புதியதன்று. 1794இல் ஆன் ராட்கிளிஃப் எழுதிய உடால்ஃபோ மர்மங்கள் என்னும் நாவலில், கோட்டையில் நிகழும் வியத்தகு நிகழ்ச்சிகளுக்கெல்லாம் இறுதியில் இயல்பான விளக்கம் தரப்படுகின்றது. அதில் நாயகியை அச்சுறுத்துவோனும் அவளுக்குக் காப்பாளனாக அமைந்தவனே. கோனன் டாயில் 1901, 1902 ஆண்டுகளில் தொடராக வெளியிட்ட பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையில், பாஸ்பரஸ் பூசப்பட்ட நாய் குலத்தைப் பழிவாங்கும் பேயாகக் காட்டப்படுகின்றது. பின்னின்று ஏவுபவன் சொத்துக்கு உரிமை தேடும் மறைந்த உறவினன். நூற்றாண்டு வழக்குடைய இம்மரபில் ஸ்கூபி-டூ செய்த மாற்றம் ஒன்று: டாயில் கதையில் அச்சுறுத்திய நாய், இங்கே அஞ்சிக்கொண்டே துப்பறிகின்றது.

மூலக்கதைகள் எல்லாம் இவ்வரம்பினுள் அடங்கும் என்று யாம் வாதிடவில்லை. கோட்டையொன்றில் உலவிய ஆவியின் முகமூடியைக் கழற்றியபோது வெளிப்பட்ட புளூஸ்டோன் என்னும் மந்திரக்காரன், கதையில் அதற்கு முன் நாம் காணாதவன். துப்பறியும் கதையின் நேர்மைக்கு இது இழுக்கு. அதனினும் பெரிய விளைவு, அக்கதை மனத்தில் தங்காமை. அறியாதவன் முகம் வெளிப்படும்போது வியப்பு இல்லை. தெளிவு மட்டுமே உண்டு. கேளிக்கைப் பூங்காவில் இயந்திர மனிதன் ஒன்று தறிகெட்டு ஓடும் கதையில் முகமூடியே இல்லை, கொள்ளையும் இல்லை. அதனைப் படைத்தவரின் உடன்பிறந்தாள், சிறுவர்க்கு இயந்திரம் துணையாதல் தகாது என்று கருதிச் செய்த குறும்பு அது. தனித்து நிற்கும் இனிய கதை.

குறையொன்றையும் கூறாது விடுதல் நடுநிலை ஆகாது. மூலக்கதைகளில் வேடம் பூணுவோர் எத்தகைய அணங்குகளைத் தேர்கின்றனர்? அமெரிக்கத் தொல்குடி மக்களின் மருத்துவப் பூசாரி, எகிப்தியப் பிணம் என்றவாறு பிற மக்களின் இறந்தோரும் வழிபாடும் அச்சுறுத்தும் பண்டமாகக் கொள்ளப்பட்டுள்ளன. தன் நாட்டு வணிகன் பிறர் தெய்வத்தின் முகத்தை அணிந்து கொள்ளையிடுகின்றான் என்று கொண்டு இதனையும் கண்டனமாகவே விளக்கலாம் என்பார் உளர். அவ்வளவு நுண்மையை அக்கதைகளில் ஏற்றிக் கூற எமக்கு மனம் வரவில்லை. அது அக்காலத்துப் படநிறுவனங்களின் சிந்தனையற்ற வழக்கம். இதனை எண்ணும்போது தகமோட்டோவின் வாழ்வு நினைவுக்கு வருகின்றது. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த அவர், ஜப்பானியர் வழித்தோன்றல் என்னும் ஒரே காரணத்தால் 1942இல் தம் குடும்பத்தோடு மான்சனார் முகாமில் அடைக்கப்பட்டார். ஓவியக் கலையை அம்முகாமில் இருந்தவரிடமே பயின்றார். தன் குடிகளின் முகத்தைக் கண்டு இறையே அஞ்சிய காலம் அது. இதனைக் கொண்டு அவர் ஓவியங்களுக்குப் பொருள் வலிந்து கொள்ளுதல் முறையன்று. செய்தியாக மட்டும் குறிக்கின்றோம்.

பின்வந்த தொடர்களுள் பல மூலத்தின் நிழல்களே. அவற்றை விரைந்து கடப்போம். 1985இல் வந்த பதின்மூன்று ஆவிகள் பற்றிய தொடரில் பேய்கள் உண்மையானவை. பெட்டியிலிருந்து தப்பியவற்றை மீண்டும் அடைப்பதே கதை. பேய் மெய்யாயிற்று என்பதனால் அது தோல்வியுற்றது என்பர். யாம் அவ்வாறு கருதவில்லை. அப்பேய்க்குப் பின்னே நாம் அறிந்த முகம் எதுவும் இல்லை என்பதே குறை. 1988 முதல் வந்த, மாந்தரைச் சிறுபிள்ளைகளாகக் காட்டும் தொடரில் ரெட் ஹெர்ரிங் என்னும் பையன் ஒருவன் வருகின்றான். ஆங்கிலத்தில் துப்பறியும் கதையின் பொய்த்தடயத்தைக் குறிக்கும் தொடரே அவனுக்குப் பெயர். ஃபிரெட் ஒவ்வொரு முறையும் அவனையே குற்றவாளி என்பான், பொய்யாகும். அவனைக் குற்றஞ்சாட்டுவதில்லை என்று ஃபிரெட் உறுதிகொண்ட கதையிலோ குற்றவாளி அவனே. வேடிக்கையாக நிகழ்ந்தாலும், ஐயுறுதலும் ஒரு மடன் ஆகக்கூடும் என்னும் உண்மையை முதன்முதலில் கண்டது இத்தொடரே.

அவ்வுண்மையை முழுதும் பயன்கொண்டது 1998இல் வெளிவந்த பிணத்தீவுத் திரைப்படம். வளர்ந்து பிரிந்த நண்பர்கள் மெய்யான பேயைத் தேடி மீண்டும் கூடி, லூயிசியானா மாநிலத்தில் மூன்ஸ்கார் தீவுக்குச் செல்கின்றனர். சிமோன் என்னும் செல்வப்பெண்மணி அவர்களைத் தம் மாளிகையில் விருந்தோம்புகின்றார். சேற்றிலிருந்து பிணங்கள் எழுகின்றன. ஃபிரெட் வழக்கம்போல் முகமூடி என்று கருதி இழுக்கின்றான். தலையே கையோடு வருகின்றது. முப்பது ஆண்டு வழக்கத்தை ஒரே காட்சியில் முறித்த இடம் அது. தோட்டக்காரன் போ நெவில் மீது நம் ஐயம் செல்கின்றது. மூலக்கதைகளைப் பார்த்துப் பழகிய கண், ஊழியனையே நாடும். அவனோ மாறுவேடத்தில் வந்த காவல்துறைத் துப்பறிவாளன்.

உண்மை வேறு. எழுந்த பிணங்கள் முன்பு அத்தீவில் பலியானோர். வந்தவரைத் தீங்கினின்று விலக்கவே எழுந்தவை. தீங்கு செய்வோர் விருந்தளித்த சிமோனும் அவர்க்குத் துணையான லீனாவும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கடற்கொள்ளையரால் தம் குடியிருப்பு மக்களை இழந்து, பூனைத் தெய்வத்தை வேண்டி ஆற்றல் பெற்றுப் பழிதீர்த்தவர்கள் அவர்கள். பின் அவ்வாற்றல் நிலைத்தற்காக வந்தாரை அழைத்து அழைத்து உயிர் குடிப்பாராயினர். அணங்கு உண்டு, ஆயின் அஞ்சத்தக்கது அது அன்று. அஞ்சத்தக்கவர் வீட்டுக்கு உரியவர். பேய் பொய் என்னும் விதியை மீறிய இப்படம், இறையே கள்வன் என்னும் விதியை எட்டுணையும் மீறவில்லை. பேய் மெய்யானதால் தொடரின் கொள்கை கெட்டது என்போர் இதற்கு யாது கூறுவர்? மேலும், மூலக்கதைகளில் காணாத ஒன்று இங்குண்டு. சிமோனுக்கு நேர்ந்த கொடுமையைக் கேட்டபின் அவரை வெறுப்பது எளிதன்று. முதற்பழி முறையாகவே தோன்றும். அடுத்து வந்த விருந்தினர் என் செய்தனர் என்னும் வினாவை மட்டும் அவர் எதிர்கொள்ளவில்லை.

2010 முதல் 2013 வரை 52 கதைகளாக வந்த மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட் இவ்வெண்ணத்தை இல்லத்திற்குள்ளேயே கொண்டுவந்தது. முந்தைய தொடர்களில் வண்டி ஊர்தோறும் செல்லும். இதில் ஐவரும் கிரிஸ்டல் கோவ் என்னும் தம் சொந்த ஊரில் வாழ்கின்றனர். அவ்வூர்க்கு வருவாய் பேய்க்கதைகளால் வருவது. வெல்மாவின் பெற்றோர் பேய்ப்பொருட் காட்சியகம் நடத்துகின்றனர். பொய்ப்பேய்களைச் சிறுவர் வெளிப்படுத்துந்தோறும் ஊர்ப்பெரியோர்க்கு மகிழ்ச்சி இல்லை, சினமே. உண்மை வெளிப்படுதலை ஊரே விரும்பாத நிலையில் அதனைத் தேடுவோர் படும் பாட்டை இத்தொடர் பொறுமையாகக் காட்டுகின்றது. மூலக்கதைகளில் முகமூடி கழன்றதும் காவலர் வந்து நன்றி கூறுவர். இங்கே காவல்தலைவரே சலித்துக்கொள்கின்றார்.

முதற்பருவத்தின் முடிவு 2011இல் ஒளிபரப்பாயிற்று. ஊரை நடுங்கச் செய்த கோர உருவத்தின் முகமூடியை ஃபிரெட் கழற்றுகின்றான். உள்ளே இருப்பவர் நகரத் தலைவர், அவன் தந்தை. அடுத்த நொடியில் அவர் அவன் தந்தையும் அல்லர் என்பது தெரிகின்றது. முன்னொரு காலத்தில் புதையலைத் தேடிய வேறொரு துப்பறியும் குழுவினர் ஊர்க்குத் திரும்பாதிருத்தற்பொருட்டு, அவர்தம் குழந்தையைக் கவர்ந்து வந்து வளர்த்தவர். அருங்காட்சியகத்து ஓவியத்தில் தொடங்கிய திருட்டு, மகனில் வந்து முடிந்தது. தந்தை, நகரத் தலைவர் என இறை என்னும் சொல்லின் பொருள்கள் இரண்டும் ஒரே முகத்தில் கூடின. அதே முகம் கள்வன் முகம். இதற்குமேல் கழற்றுதற்கு முகமூடி இல்லை. இத்தொடர் முழுவதிலும் ஃபிரெட் என்னும் பாத்திரம் முதன்முறையாக உயிர்பெற்று நிற்பது இவ்விடத்தில்தான். பொறி வைப்பதையே வாழ்வாகக் கொண்ட அவன், தான் பிறந்தது முதல் ஒரு பொறிக்குள் வளர்ந்தவன் என்று உணர்கின்றான்.

இவ்வளவு உயர்ந்த இடத்தை எய்திய ஆசிரியர்கள் அதனைக் காத்துக்கொண்டனரா? இல்லை என்றே கூறவேண்டியுள்ளது. இரண்டாம் பருவத்தில், புதையலின் அடியில் சிறைப்பட்டிருந்த தீய ஆற்றல் ஒன்று வெளிப்படுகின்றது. தலைமுறை தலைமுறையாக இவ்வூர் மாந்தரின் உள்ளத்தைத் திரித்தது அதுவே என்று கூறப்படுகின்றது. அவ்வாறாயின் நகரத் தலைவர் செய்த கொடுமைக்கு அவர் பொறுப்பாளி அல்லர். முகமூடிக்குள் மனிதன் என்று தொடங்கிய கதை, மனிதனையும் ஒரு முகமூடியாக்கி, அவனுக்குள் மீண்டும் ஓர் அணங்கை வைத்துவிட்டது. பெரியோர் செய்த பிழையை எதன்மேலாவது ஏற்றிவிடவேண்டும் என்னும் ஆவல் சிறுவர் கதை எழுதுவாரிடத்து வலிது. 1969இல் எழுதியோர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அருங்காட்சியகத்தைக் கொள்ளையிட்டவர் விக்கிள்ஸ். அவரை எதுவும் ஏவவில்லை.

தீய ஆற்றல் அழிந்ததும் உலகம் மாற்றியமைக்கப்படுகின்றது. புதிய கிரிஸ்டல் கோவில் எல்லாப் பெற்றோரும் நல்லவர்; எக்குற்றமும் நிகழ்ந்திலது; எம்முகமூடியும் கழற்றப்பட்டிலது. பழையதன் நினைவு அவ்வூரில் அவ்வைவர்க்கு மட்டுமே உண்டு. அங்கே அவர்களால் தங்கியிருக்க முடியவில்லை. வண்டிக்கு வண்ணம் தீட்டிக்கொண்டு, அன்புமிக்க அப்பெற்றோரிடம் விடைபெற்று ஊரை விட்டுப் புறப்படுகின்றனர்.